ஒரு தோட்டத்து உடுப்புப் பெட்டி

ஹட்டனிலிருந்து டிக்கோயாவைக் கடந்து செல்லும் வீதி, ஒரு கிளை பொகவந்தலாவைக்கும் மறுகிளை மஸ்கெலியாவுக்குமாகப் பிரிகின்ற சந்தியில், கெஹெல்கமு ஓயாவின் கரையோரமாக அமைந்திருக்கும் நோர்வூட் என்னும் சிற்றூரைப் பற்றி எழுதப் புகுவோர், சுற்றிலும் எழுந்து நிற்கும் தேயிலை மலைகளையும், அந்த ஓயா சென்று விழும் காசல்ரீ நீர்த்தேக்கத்தையும் வர்ணித்த அளவில் திருப்தி அடைந்துவிடுவது வழக்கம். அம்மலைகளின் சரித்திரம் ஏக்கர்க் கணக்கிலும் இறாத்தல் கணக்கிலும் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. எந்தத் துரை எந்தக் காட்டை அழித்தான், எந்தக் கம்பெனி எந்தத் தோட்டத்தை எவரிடம் வாங்கியது என்பவற்றுக்கெல்லாம் பத்திரங்களும் படங்களும் உள்ளன. ஆனால் அங்கே கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் காலம் கழித்தவர்கள், துரைக்கும் கம்பெனிக்கும் உரியதாக அன்றித் தங்களுக்கே பொதுவாக உரியதாக எதை வைத்திருந்தார்கள் என்று ஒருவர் விசாரிக்கப் புகுந்தால், அவருக்குக் கிடைக்கும் விடை மிகச் சிறியது: ஒரு கோயில், ஒரு தப்பு, மாசி மாதத்தில் காமன் கூத்துக்காகத் திறக்கப்படும் ஓர் உடுப்புப் பெட்டி. இவற்றுள் கோயிலைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். பெட்டியைப் பற்றி எழுதியவர் சிலரே.

அந்தப் பெட்டியின் அருமையை அறிய வேண்டுமானால், முதலில் லயம் என்னும் வரிசைக் குடியிருப்பின் காம்பராவில் இருந்த மற்றைய உடுப்புகளின் கணக்கைப் பார்க்க வேண்டும். 1869ஆம் ஆண்டளவில் இலைநோய் பரவிக் கோப்பிப் பயிர் அழியத் தொடங்கியது. அதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்னமே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலையை நட்டிருந்தார். 1884இல் புகையிரதம் ஹட்டனை எட்டியது. இம்மூன்று சம்பவங்களுக்கும் இடையில் டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்குகள் கோப்பிக் காடுகளாக இருந்து தேயிலை மலைகளாக மாறின. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரையில் காட்டு வழியே நடந்து வந்தவர்கள், உடுத்த துணிக்கு மேல் மாற்றுத் துணி கொண்டு வந்திருந்தால் அதுவே பெரும் பாக்கியம். வெயில் நாட்டில் நெய்த பருத்தித் துணி அந்தக் குளிருக்கும் மழைக்கும் ஈடுகொடுக்கவில்லை. ஆகவே தோட்டத்திலே கால் வைத்ததும் அவர்களுக்கு ஒரு கறுப்புக் கம்பளி கொடுக்கப்பட்டது. கொடுக்கப்பட்டது என்று சொல்வது ஓர் உபசாரத்துக்காக. அதன் விலை அன்றைக்கே அவர்கள் பேரில் பற்றெழுதப்பட்டது. வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் சேர்ந்த கடனோடுதான் ஒரு மனிதன் மலையில் முதல் நாள் பேர் போட்டான்.

அந்தக் கம்பளி இரவில் பாயாகவும் போர்வையாகவும் இருந்தது. பகலில் மழை பெய்தால் மூலையை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போடப்பட்டது. குழந்தை பிறந்தால் அதற்குத் தொட்டில் விரிப்பாயிற்று. பெண்களோ, செடிகளின் கிளை உராய்ந்து சேலை கிழிந்துபோகாதபடி இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கூடைக் கயிற்றைத் தலையில் தாங்கி மலையேறினார்கள். புதுத்துணி என்பது வருஷத்தில் ஒரு முறை, தீபாவளிக்கு வருவது. அதுவும் தோட்டக் கந்தோர் கொடுக்கும் முற்பணத்திலே வாங்கப்பட்டு, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப்படுவது. சென்ற தீபாவளிச் சேலையின் கடன் தீர்வதற்கும் அடுத்த தீபாவளியின் முற்பணம் கைக்கு வருவதற்கும் இடையில் அநேகமாக இடைவெளியே இருக்காது. இப்படிப்பட்ட வாழ்க்கையிலே பட்டும் ஜரிகையும் ஒரு தனி மனிதரின் உடைமையாக இருத்தல் துர்லபம் என்பது சொல்லாமலே விளங்கும்.

தோட்டத்தில் ஒருவரிடம் மட்டும் விசேஷ உடுப்பு தனியுடைமையாக இருந்தது. அவர் பெரிய கங்காணி. அக்காலத்துப் புகைப்படங்களில் அவர் வேட்டியின் மேல் கோட்டும், தலையிலே பெரிய தலைப்பாகையும், கையிலே பிரம்புமாக நிற்பதைக் காணலாம். கோட்டு துரையின் அதிகாரத்துக்கும், தலைப்பாகை ஊரிலிருந்து ஆள்கட்டி வந்த செல்வாக்குக்கும், வேட்டி தம்மைப் பின்தொடர்ந்து வந்த கூட்டத்தோடு தமக்கிருந்த உறவுக்கும் அடையாளமாக, மூன்றும் ஒரே உடம்பில் பொருந்தியிருந்தன. கங்காணிப் பதவி தகப்பனுக்குப் பின் மகனுக்குப் போனதுண்டு. கங்காணியாக வந்து தோட்டத்துக்கே சொந்தக்காரரானவர்களும் உண்டு. இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தை வாங்கிய கருப்பையா தொண்டமான் அவர்களுள் ஒருவர். அவருடைய புதல்வர் சௌமியமூர்த்தி தொண்டமானின் பெயர் நோர்வூட் விளையாட்டு மைதானத்தில் இன்றும் நிலைத்திருக்கிறது. எனினும் கங்காணியின் கோட்டு அவர் குடும்பத்தைத் தாண்டி வேறொருவர் தோளுக்குப் போனதில்லை. அந்த உடுப்பின் மதிப்பே அதனைப் பிறர் உடுக்க முடியாது என்பதில் இருந்தது. நாம் பேசப் புகுந்த பெட்டியில் இருந்ததோ இதற்கு நேர்மாறான தர்மம்.

காமன் கதை பழமையானது. சூரபதுமனின் கொடுமையைத் தாங்கமாட்டாத தேவர்கள், யோகத்தில் அமர்ந்த சிவபெருமானின் மனத்தைப் பார்வதியின்பால் திருப்ப மன்மதனை அனுப்பியதும், கரும்பு வில்லை வளைத்து மலர்க்கணை தொடுத்த அவன் நெற்றிக்கண்ணின் தீயிலே வெந்து சாம்பரானதும், ரதியின் அழுகைக்கு இரங்கிய இறைவன் அவள் கண்ணுக்கு மாத்திரம் புலப்படும்படி அவனை உயிர்ப்பித்ததும் ஆகிய இந்தக் கதைக்கு, மாயூரத்தை அடுத்த திருக்குறுக்கை ஸ்தலமாயிற்று. காளிதாசன் தன் குமாரசம்பவத்தின் 4ஆம் சர்க்கத்தை முழுவதும் ரதியின் புலம்பலுக்கே ஒதுக்கினான். தஞ்சைச் சீமையில் ‘எரிந்த கட்சி’, ‘எரியாத கட்சி’ என்று இரு பிரிவாக அமர்ந்து விடிய விடிய லாவணி பாடினார்கள். அந்தச் சீமைகளிலிருந்து வந்தவர்களே மலையகத் தோட்டங்களுக்கும் இதனைக் கொண்டு வந்தார்கள். அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அவர்களோடு வந்த மற்றைய கூத்துகள். ஆயினும் தோட்டம் முழுவதையும் அரங்காக்கி, லயம் லயமாகச் சென்று ஆடப்படும் பெருமை காமனுக்கே வாய்த்தது.

மாசி மாத அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையைக் கண்டு, காமன் பொட்டல் என்று வழங்கும் வெளியிலே கம்பம் ஊன்றுவதோடு இது தொடங்கும். பௌர்ணமியை ஒட்டிக் காமதகனத்தோடு உச்சம் பெறும். டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கங்களில் அது மழை ஓய்ந்து பனியும் வெயிலும் மாறி மாறி நிற்கும் பருவம்; தேயிலையின் வாசனைக்குப் பேர் போன அந்தப் பருவத்திலே கொழுந்தின் அளவு குறைந்திருக்கும். பங்குனி, சித்திரையில் கொழுந்து குவியத் தொடங்கிவிட்டால் இரவில் கண்விழிக்க உடம்பிலே தெம்பு இராது. சாஸ்திரம் விதித்த மாதமும் செடி அனுமதித்த மாதமும் ஒன்றாக வாய்த்தது இக்கூத்தின் அதிர்ஷ்டம். விடியுமுன்னே பிரட்டு என்னும் காலை ஆள்கூட்டலுக்கு ஆட்களை எழுப்ப அடித்த அதே தப்பு, இந்த இரவுகளிலே மதனையும் ரதியையும் ஆட்டுவிப்பதற்காக முழங்கியது.

இனி உடுப்பைச் சற்று அருகிருந்து காண்போம். தமிழ்நாட்டுக் கூத்தாடிகளின் அணிகலன்களைப் போலவே இங்கும் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவை மதனுக்குப் பிரதானம். இவற்றை இலேசான மரத்தில் செதுக்குவது மரபு. தாய்நாட்டில் அதற்குக் கலியாண முருங்கையைத் தேர்ந்தார்கள். அதன் இனத்தைச் சேர்ந்த முருக்கு மரமே தேயிலைக்கு நிழலுக்காக மலைகளில் நடப்பட்டது. செதுக்கிய கட்டையின் மேல் காக்காய்ப்பொன் தகட்டை ஒட்டி, சிறு சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்து, விளிம்பில் வண்ணக் காகிதமும் ஜிகினாவும் சேர்த்துவிட்டால், தீப்பந்தத்தின் முன்னே ஆடுபவனின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒளி சிதறும். பகலிலே பார்த்தால் பசை உரிந்த காகிதமும் கீறல் விழுந்த கண்ணாடியுமாகக் காணும் இவ்வணி, இரவிலே பந்தத்தின் ஒளி பட்ட மாத்திரத்தில் தேவ கிரீடமாகிவிடுகிறது. உதிர்ந்த கண்ணாடிக்குப் புதுக் கண்ணாடியும், மங்கிய தகட்டுக்குப் புதுத் தகடும் வருஷந்தோறும் வைத்துச் செப்பனிட வேண்டியிருப்பதால், மூலத்திலிருந்த பொருள் எது, பின்னால் சேர்த்தது எது என்று பிரித்தறிவது அரிது.

இவ்வுடுப்பை உடுக்கும் உரிமைக்கும் சில நியமங்கள் உண்டு. மதனாகவும் ரதியாகவும் வேடம் கட்டுவோர் காப்புக் கட்டி விரதம் காத்தல் வேண்டும். பல தோட்டங்களில் இவ்வேடங்கள் ஒரு குடும்பத்துக்குப் பரம்பரையாக உரியவை. பிள்ளை வரத்துக்காகவோ பிணி தீர்ந்ததற்காகவோ நேர்ந்துகொண்டு வேடம் ஏற்பவர்களும் உளர். கூத்தைப் பயிற்றுவிக்கும் மாஸ்டரின் சொல்லுக்கு அன்றைய பொழுதில் மறுசொல் இல்லை. தூதன், நந்தி, வீரபத்திரன், யமன், குறவன், குறத்தி என்று பாத்திரங்கள் பலவாயினும் பெட்டியில் உள்ள துணிகள் சில. ஆகவே முன்னிரவில் ஒருவர் இடையில் கட்டிய பட்டுத்துண்டு பின்னிரவில் இன்னொருவர் தலையில் ஏறும். காமன் கூத்துக்கு மதன் சூடும் கிரீடமே அர்ச்சுனன் தபசு நடக்கும் காலத்தில் அர்ச்சுனன் சூடுவதற்கும் உதவும். உடுப்பு ஆளுக்கு உரியதன்று, சந்தர்ப்பத்துக்கு உரியது என்னும் விதி இப்படித்தான் நடைமுறையில் நிலைத்தது.

ரதியின் வேடத்தில் இந்த விதி இன்னும் ஆழமாகச் செல்கிறது. ரதியாக ஆடுபவர் ஆண்மகன். மதனுக்குரிய கட்டைகளைச் செய்து வைத்துக்கொள்ளலாம். ரதிக்கு வேண்டியதோ உண்மையான சேலை. லயத்திலே கலியாணமான ஒருத்தியின் பெட்டியில் மஞ்சள் கறையோடு மடித்து வைத்த முகூர்த்தச் சேலையை விட்டால் அத்தகைய சேலைக்கு வேறு இடம் ஏது? அந்தச் சேலை ஏற்கெனவே ஊர்ச்சேலையாகத்தான் இருந்தது. ஒரு வீட்டுப் பெண் பெரியவளானால் சடங்குக்கு அது வரும். அடுத்த காம்பராப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தால் அன்றைக்கும் அதுவே வரும். வளைகாப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் போய்வரும். “அக்கா, அந்தச் சேலையை ஒருக்கா தாங்களேன்” என்று கேட்பதில் கூச்சமும் இல்லை. “கறை படாமக் கொண்டாந்து தா புள்ள” என்று சொல்லிக் கொடுப்பதில் கணக்கும் இல்லை. இத்தனை வைபவங்களையும் கண்ட ஒரு சேலை, மாசி மாதத்தில் தேவலோகத்துப் பெண்ணின் சேலையாகவும் ஆவது அதற்கு அடுத்த படி, அவ்வளவே.

அன்றிரவு நடப்பதைக் கவனித்தால் அந்தச் சேலை படும் பாடு விளங்கும். மதனுக்கும் ரதிக்கும் திருமணம் நடக்கும்போது கூடியிருக்கும் பெண்கள் தங்கள் வீட்டுக் கலியாணத்தைப் போலவே மகிழ்கிறார்கள். மதன் தவத்தைக் கலைக்கப் புறப்படும்போது ரதி தடுக்கிறாள். தான் கண்ட தீய கனவுகளைச் சொல்லி மன்றாடுகிறாள். அவன் கேட்பதில்லை. நெற்றிக்கண் திறந்து கம்பம் எரியும்போது, சற்றுமுன் மணப்பெண்ணாக நின்றவர் மங்கலக் கோலம் களைந்து கைம்பெண்ணாகப் புலம்புகிறார். அந்தப் புலம்பல் இழவு வீடுகளில் கேட்கும் ஒப்பாரியின் மெட்டிலே அமைந்திருப்பதால், கூடியிருக்கும் பெண்கள் கூத்து என்பதையும் மறந்து அழுதுவிடுவர். மரணம் நேர்ந்தாலும் மறுநாள் மலைக்குப் போக வேண்டியிருந்த ஒரு சமூகத்திலே, தன் சொந்தத் துக்கத்துக்கு நேரமில்லாதிருந்த ஒருத்தி ரதியின் துக்கத்தை ஆசைதீர அழுதிருப்பாள் என்று நினைப்பதில் தவறில்லை. விடிந்ததும் சேலை அலசப்பட்டு உரியவளின் பெட்டிக்குத் திரும்பும்.

இதே பள்ளத்தாக்குக்கு, இதே காலப் பகுதியில், வேறொரு வகையான வேடம் கட்டும் கலையைப் பழகிய ஒருவர் வந்ததையும் ஈண்டு நினைவுகூரலாம். கல்கத்தாவிலே 1815இல் பிறந்து, இங்கிலாந்தில் புகைப்படக் கலையில் பெரும் புகழ் பெற்ற ஜூலியா மார்கரெட் கெமரன், 1875இல் தம் கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயா கிளென்கெயர்ன் தோட்டத்திலே காலமானார். பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய வளவில் கணவரின் அருகே அடக்கமாகியிருக்கிறார். வைட் தீவிலிருந்த தம் இல்லத்தில் அவர் பணிப்பெண் மேரி ஹிலியருக்கு ஒரு போர்வையைச் சுற்றி நிறுத்தி அவளைத் தேவமாதாவாகப் படம் பிடித்தார். நண்பர்களையும் உறவினரையும் அவ்வாறே காவியத்து அரசர்களாகவும் அரசிகளாகவும் ஆக்கினார். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் தோட்டத்துத் தமிழர்களின் படங்களும் உள்ளன. துணி ஒன்றை மாற்றினால் ஏவலாளும் தேவியாகலாம் என்பதை அந்தப் பெருமாட்டி அறிந்திருந்தார்; லயத்து மக்களும் அறிந்திருந்தனர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே எவருக்கு எந்த வேடம் என்று தீர்மானித்தவர் எஜமானி. இங்கே தீர்மானித்தவர்கள் அந்த வேடத்தைக் கட்டியவர்களே.

இந்த வேறுபாட்டில்தான் நமது விஷயத்தின் உட்பொருள் இருக்கிறது. தோட்டத்தில் வீடு கம்பெனியுடையது, நிலம் கம்பெனியுடையது, ஒருவன் எத்தோட்டத்தில் இருக்கலாம் என்பதைக்கூட 1921இல் துண்டு முறை ஒழியும் வரையில் ஒரு காகிதத் துண்டு தீர்மானித்தது. ஜவாஹர்லால் நேரு 1939இல் கொழும்புக்கு வந்ததை ஒட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாவதற்கு முன், தொழிலாளர் தாமாகக் கூடி, தாமாகப் பணம் திரட்டி, தாமாகப் பொறுப்புகளைப் பிரித்து நடத்திய காரியம் பெரும்பாலும் கோயில் திருவிழாவும் கூத்துமே ஆகும். பெட்டி எவர் வீட்டில் இருப்பது, திறவுகோல் எவர் கையில் இருப்பது, கிழிந்ததைத் தைக்கும் செலவு எவருடையது, இந்த வருஷம் ரதி வேடம் எவருக்கு, சண்டை வந்தால் தீர்ப்பு எவருடையது என்னும் கேள்விகள் எல்லாம் ஒரு பொதுச்சொத்தை ஆளும் கேள்விகள். அவற்றுக்குத் துரையின் உத்தரவைக் கேட்க வேண்டியதில்லை. எல்லாத் தோட்டங்களிலும் இது நியாயமாக நடந்தது என்று சொல்வதற்கில்லை. கங்காணியின் தயவும் சாதி வரிசையும் அங்கேயும் புகுந்திருந்தன. தப்படித்தவனுக்கு வேடம் கட்டியவனோடு சம மரியாதை கிடைத்துவிடவில்லை. ஆனாலும், தன்னைத்தானே ஆளத் தெரியாதவன் என்று கருதப்பட்ட ஒரு மனிதன், ஒரு பொருளை எல்லாருக்குமாகக் காத்து, உரிய காலத்தில் எடுத்து, உரியவருக்குக் கொடுத்து, திரும்பப் பெற்று வைக்கும் நிர்வாகத்தை அங்கேயே பழகினான்.

1947ஆம் வருஷத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த 7 பேர் பாராளுமன்றம் சென்றனர். மறுவருஷமே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களைத் தேர்ந்தெடுத்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவதென்றும் பங்கு பிரித்தது; எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஹட்டன் புகையிரத நிலையத்தில் ஏறித் தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்களிலே மாஸ்டர்களும் இருந்தனர், ரதிகளும் மதன்களும் இருந்தனர். பரம்பரை அறுந்த இடத்தில் பரம்பரை விதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் கூத்து நின்றுபோயிருக்கும். உடுப்பு ஆளுக்கு உரியதன்று என்னும் பழைய விதியே அப்பொழுது கைகொடுத்தது. வேடம் வேறொரு குடும்பத்துக்கு மாறியது, அல்லது நேர்ந்துகொண்ட எவருக்கோ கிடைத்தது. 1984இல் கப்பல் நின்றது. அதற்குள் போனவர்கள் போக, எஞ்சியவர்கள் மாசி வந்ததும் கம்பம் ஊன்றினார்கள்.

இன்று அந்த உடுப்பு புதிய சந்தர்ப்பங்களையும் கண்டிருக்கிறது. பாடசாலைத் தமிழ்த்தின விழாவிலும், கொழும்பு மேடைகளிலும், ஆய்வரங்குகளிலும் மதனும் ரதியும் அரைமணி நேரம் ஆடிவிட்டு இறங்குகிறார்கள். மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது, பழைய கலைகள் யாவும் ஒரு சமூகத்தின் முகவரியாகப் புதுமதிப்புப் பெற்றன. விரதமில்லாத மேடையில் வேடம் வெறும் அலங்காரமாகிவிடும் என்று முதியோர் வருந்துவதில் நியாயம் இருக்கிறது. இளைஞர் நகரத்துக்குப் போய்விட்ட தோட்டங்களிலே மேடையாவது இல்லாவிட்டால் பெட்டியையே எவரும் திறக்கமாட்டார்கள் என்று மற்றவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எமக்கோ, மேடையா பொட்டலா என்பது இரண்டாவது கேள்வியாகவே படுகிறது. முதற்கேள்வி, பெட்டி எவருடையது என்பதாகும். நிறுவனம் ஒன்று புது உடுப்பு வாங்கி நகரத்து அலமாரியில் பூட்டி வைத்து, விழாவுக்கு மட்டும் கலைஞருக்குக் கொடுத்து வாங்குமாயின், வேடம் மீண்டும் எஜமானியின் கைக்குப் போய்விடுகிறது. அதே உடுப்பைத் தோட்டத்துக் கோயிலின் பொறுப்பில் விட்டு, திறவுகோலையும் அவர்களிடமே கொடுத்துவிட்டால், அதை எங்கே கட்டுவது, எவர் கட்டுவது என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள். அந்தத் தொழிலில் அவர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இருக்கிறது.